மேடைக்கு மட்டும் கேட்ட குரல்

இருங்கம்மா, இருங்க, அதைத் திருப்பாதீங்க. ஸ்பீக்கர் ஒயர் இன்னும் மாட்டவே இல்ல. இந்த மிக்சர் பொட்டிக்குள்ளயே ஆம்ப்ளிஃபயரும் இருக்கு, அதனாலதான் பொணம் கனம் கனக்குது. மத்த மிக்சர்ல தப்புப் பண்ணா சத்தம் வராது, அவ்வளவுதான். இதுல தப்புப் பண்ணா ஸ்பீக்கரையே காலி பண்ணிடும். முதல்ல ஒயர். அப்புறம் மைக். எல்லாத் திருகும் சைபர்ல இருக்கான்னு ஒரு தடவை கண்ணால பார்த்துட்டு, கடைசியாத்தான் சுவிட்சு. ம், இப்பப் போடுங்க. பச்சை லைட் வந்துச்சா? அவ்வளவுதான். உயிர் வந்தாச்சு.

உக்காருங்க. அந்த நாற்காலிலதான். இல்லம்மா, நான் உக்கார மாட்டேன்னுதான் சொல்லிட்டேனே. கோவிச்சுக்காதீங்க. சவுண்டுக்காரனைக் கூப்பிட்டா அவன் வந்து ஓரமா நின்னுக்கிட்டு, நான் தொட மாட்டேன், நீங்களே பண்ணுங்கன்னு சொன்னா யாருக்கும் எரிச்சல்தான் வரும். கூட்டம் நாலு மணிக்குத்தானே, இப்ப மூணுகூட ஆகல. ஒரு மணி நேரத்துல கத்துக்கலாம். இது என்ன ஏரோப்ளேனா? உங்க அம்மாவுக்கு நடக்கற இரங்கல் கூட்டம். இதுல உங்க கை இருக்கறதுதான் சரி. ஏன்னு சொல்றேன். சொல்லாம எங்க போகப்போறேன்.

முதல்ல இடது பக்கம். இது மேடை மைக்கோட சேனல். மேல இருக்கறது கெயின், பேசறவங்க குரலுக்குத் தக்க மாதிரி வைக்கணும். சங்கத்துச் செயலாளர் பேசும்போது பாதியிலயே நிறுத்திடுங்க, அவர் மைக்கை முழுங்கிட்டுத்தான் பேசுவார். ஆமா, நாலு தடவை விரலால தட்டுவார், ஊதுவார், அப்புறம் கேக்குதான்னு கேப்பார். கேக்குதுன்னு நாம கத்தணும், அப்பத்தான் நம்புவார். சிவப்பு லைட் விட்டு விட்டு எரிஞ்சா பரவாயில்ல. நின்னு எரிஞ்சா கெயினைக் குறைங்க. இவ்வளவுதான் இடது பக்கம்.

வலது பக்கம்தான் விஷயமே. மாஸ்டர்னு சொல்லுவோம். இடது பக்கம் எத்தனை பேர் வேணா பேசிட்டுப் போகட்டும், கடைசியில எல்லாரும் இந்த ஒரு வாசப்படி வழியாத்தான் வெளிய வரணும். இதுல ரெண்டு திருகு இருக்கு, குழப்பிக்காதீங்க. இது மெயின். ஹால்ல உக்காந்திருக்கறவங்களுக்குப் போற சத்தம், அந்த ரெண்டு பெரிய ஸ்பீக்கர். இது மானிட்டர். மேடையில தரையில சாஞ்ச மாதிரி ஒண்ணு வெச்சிருக்கேன் பாருங்க, அதுக்குப் போறது. பேசறவங்களுக்குத் தன் குரல் தனக்குக் கேக்கணும்ல? இல்லன்னா தொண்டை கிழியக் கத்துவாங்க. அதுக்குத்தான் அது.

ரெண்டும் வேற வேற வழி. மெயினை நீங்க சுத்தமா இறக்கினாலும் மானிட்டர் பாட்டுக்குப் பாடிக்கிட்டு இருக்கும். மேடையில நிக்கறவங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஊருக்கே கேக்குதுன்னு நினைச்சுப் பேசிக்கிட்டே இருப்பாங்க. இதை நல்லா மனசுல வாங்கிக்கோங்கம்மா. இதுதான் முக்கியம்.

இல்ல, ஒண்ணுமில்ல, நான் நல்லாத்தான் இருக்கேன். கொஞ்சம் மூச்சு வாங்குது. காலையில நீங்க வாசல்ல நின்னு, உள்ள யாருங்க இருக்கீங்கன்னு கேட்டீங்க பாருங்க, அப்பலேர்ந்தே எனக்கு இப்படித்தான். ஒயரை இழுத்துக்கிட்டு இருந்தேன், போட்டுட்டுத் திரும்பினேன். முகம் நீங்க உங்க அப்பா ஜாடை. குரல் மட்டும் அச்சு அசல் அம்மா, நேத்து போன்ல அவ்வளவாத் தெரியல. அந்த அடித்தொண்டை, ஒவ்வொரு சொல்லையும் முழுசாச் சொல்லி முடிக்கற அந்தப் பழக்கம். எனக்கு முகம் மறந்து போகும்மா. நேத்து பார்த்தவனை இன்னிக்கு யாருன்னு கேப்பேன். குரல் மறக்காது. தொழில் அப்படி.

சரி, இந்த ஏழு கம்பிக்கு வாங்க. ஈக்வலைசர்னு பேரு. விரலால தள்ளினா மேலயும் கீழயும் போகும், நடுவுல நின்னா ஒண்ணும் பண்ணாம விடுதுன்னு அர்த்தம். இது மெயினுக்கு மட்டும்தான் வேலை செய்யும், மானிட்டரைத் தொடாது. இடது கோடியில இருக்கறது தொம் தொம்னு வர்ற சத்தம், செயலாளர் மைக்கைத் தட்டறாரே, அது. அடுத்த ரெண்டும் குரலோட உடம்பு, கனம். அப்புறம் இந்த மூணு இருக்கு பாருங்க, இந்த மூணும்தான் சொல்லு. கடைசி ஒண்ணு இஸ் இஸ்னு வர்ற காத்து.

எப்படிச் சொல்றது. அ, ஆ, ஓ இதெல்லாம் குரல்லயே வந்துடும், இந்த இடது பக்கத்துலயே. க, ச, ட, த, ப, இதெல்லாம் பல்லும் நாக்கும் சேர்ந்து வெட்டறது. அது இந்த மூணு கம்பியிலதான் வாழுது. இந்த மூணையும் அடியோட கீழ இழுத்துட்டு, இந்த இடது பக்கம் ரெண்டையும் கொஞ்சம் மேல தள்ளினா என்ன ஆகும்? சத்தம் குறையாது. அதுதான் இதுல கொடுமை. சத்தம் அதே சத்தம், சொல் மட்டும் இருக்காது. பக்கத்து வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டுப் பேசினா எப்படிக் கேக்கும்? பேசறாங்கன்னு தெரியும், என்ன பேசறாங்கன்னு தெரியாது. அந்த மாதிரி. வெறும் ஆஆ, ஓஓ மட்டும் மிஞ்சும்.

அதுவும் புருஷனைப் பறிகொடுத்த ஒரு பொம்பளை மேடையில நின்னு பேசும்போது அப்படிப் பண்ணினா, கேக்கறவங்களுக்கு அது எப்படி இருக்கும்?

அழற மாதிரி இருக்கும்மா. அவ்வளவுதான். அழுகைக்கு அ, ஆ போதும்ல.

ஆமா. உங்க அம்மாதான்.

கொஞ்சம் இருங்க, சொல்லிடறேன். எழுந்திரிக்காதீங்க. இதே ஹால், இதே பொட்டி. நடுவுல ரெண்டு தடவை உள்ள இருக்கற ஃபேனை மாத்தியிருக்கேன், சேனல் திருகு நாலு மாத்தியிருக்கேன், மத்தபடி இதேதான். பத்தொம்பது வருஷம் ஆச்சு. அட்டை ஆலையில பாய்லர் வெடிச்சு ரெண்டு வாரம் கழிச்சு வெச்ச கூட்டம். உங்க அப்பாவோட சேர்த்து மூணு பேர் போயிட்டாங்க. ஆலையும் சங்கமும் சேர்ந்து கூட்டம் போட்டாங்க. நானூறு பேர் இருக்கும், ஜன்னல்லகூட ஆளு தொத்திக்கிட்டு நின்னாங்க. நீங்க அன்னைக்கு வரல. உங்களை சித்தி வீட்டுல விட்டுட்டு வந்தாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அப்ப உங்களுக்குப் பத்து, பதினோரு வயசு இருக்குமா? ஆங், பதினொண்ணு.

பேசறவங்க பட்டியல்ல உங்க அம்மா பேரே கிடையாது. ஆலை ஆளுங்க பேசினாங்க. அதிகாரி ஒருத்தர் பேசினார். விசாரணை நடந்துக்கிட்டு இருக்கு, ஆபரேட்டர் கவனக்குறைவு மாதிரி தெரியுதுன்னு நாசூக்கா ஒரு வார்த்தையைப் போட்டுட்டு இறங்கினார். ஆபரேட்டர்னா உங்க அப்பா. அந்த வார்த்தை வந்ததும் மூணாவது வரிசையிலேர்ந்து உங்க அம்மா எழுந்திரிச்சாங்க. யார்கிட்டயும் கேக்கல. நேரா படி ஏறினாங்க. அழலம்மா. ஒரு சொட்டு கண்ணீர் கிடையாது. முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு, மைக்கு உயரமா இருந்துச்சு, அதைத் தானே இறக்கி வெச்சுக்கிட்டாங்க. என் அனுபவத்துல மைக்கைத் தானே சரி பண்ணிக்கிட்டுப் பேசினவங்க நாலு பேர்கூட இருக்க மாட்டாங்க.

நான் இதோ, இதே இடத்துல உக்காந்திருந்தேன். காதுல ஹெட்போன். இந்த ஹெட்போனுக்குப் போற சத்தம் மெயினுக்கு முன்னாடியே பிரிஞ்சு போயிடும், ஈக்வலைசரும் அதைத் தொடாது. அதனால எனக்கு எல்லாம் சுத்தமாக் கேட்டுச்சு. ஆரம்பத்துல ஹாலுக்கும் கேட்டுச்சு. என் வீட்டுக்காரர் கவனமில்லாம வேலை பார்க்கறவர் இல்லன்னு ஆரம்பிச்சாங்க. அது எல்லாருக்கும் கேட்டுச்சு. வால்வுல கம்பி கட்டினது யாருன்னு நான் சொல்றேன்னாங்க. அதுவும் கேட்டுச்சுன்னுதான் நினைக்கிறேன், ஹால் அப்படியே அடங்கிப் போச்சு.

அப்பத்தான் மேனேஜர் கை காட்டினார். முன்வரிசையிலேர்ந்து திரும்பி, கையை இப்படிக் கீழ அமுக்கற மாதிரி. எனக்கு ஆலையிலதான் வருஷம் பூரா வேலை. கூட்டம், ஆண்டு விழா, எல்லாம் நான்தான். அவர் கை காட்டினா நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க.

மெயினைச் சட்டுனு இறக்கினா எல்லாருக்கும் தெரிஞ்சுடும். மைக்கை அணைச்சுட்டாங்கன்னு கலாட்டா ஆயிடும், நாற்காலி பறக்கும். அதனால இந்த மூணு கம்பி. மெதுவா, ஒண்ணொண்ணா. இந்தப் பக்கம் ரெண்டை மேல. இருபது எண்ணறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. அப்புறம் அவங்க அஞ்சு நிமிஷம் பேசினாங்க. அஞ்சு நிமிஷம் பதினேழு செகண்டு. அவ்வளவும் ஹாலுக்கு வெறும் ஓலமாத்தான் போச்சு.

ஜனங்க என்ன பண்ணுவாங்க பாவம். ஐயோ, தாங்க முடியாமக் கதறுதேன்னு நினைச்சாங்க. பொம்பளைங்க எல்லாம் வாயைப் பொத்திக்கிட்டு அழ ஆரம்பிச்சாங்க. அந்த அழுகைச் சத்தம் வேற. முன்னாடி ரெண்டு வரிசைக்கு மானிட்டர் சத்தம் கொஞ்சம் எட்டியிருக்கும். அந்த ரெண்டு வரிசையும் ஆலை ஆபீசருங்க. அவங்க வாயைத் திறப்பாங்களா?

மேடையில உங்க அம்மாவுக்கு என்ன தெரிஞ்சுதுன்னு யோசிச்சுப் பாருங்க. தன் குரல் தனக்குக் கணீர்னு கேக்குது. எதிர்ல நானூறு பேரு. எல்லார் கண்ணுலயும் தண்ணி. நான் சொன்னது எல்லாருக்கும் உறைச்சிருச்சுன்னு நினைச்சாங்க. நிம்மதியா இறங்கினாங்கம்மா. அந்த முகத்தை நான் பார்த்தேன். பாரம் இறங்கின முகம் அது. கீழ வந்ததும் ஒரு அம்மா கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு. உங்க அம்மா அந்த அம்மா முதுகைத் தட்டிக் கொடுத்தாங்க.

அதுக்கப்புறம் நடந்ததை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, நீங்க வாழ்ந்தது. விசாரணை முடிஞ்சுது, ஆபரேட்டர் அஜாக்கிரதைன்னு எழுதி மூடிட்டாங்க. செத்தவர் மேல போட்டா மறுத்துப் பேச ஆள் கிடையாதுல்ல. செத்துப்போன மத்த ரெண்டு பேர் வீட்டுலயும் உங்க அப்பாவைத்தான் திட்டினாங்க. உன் புருஷனாலதான்னு உங்க வீட்டு வாசல்லயே வந்து கத்தினதாக்கூடச் சொல்லுவாங்க. அது நிஜமா? ம். ரெண்டு தடவையா.

ஒரு நாள் நான் கடைத்தெருவுல ஈயம் வாங்க நின்னுக்கிட்டு இருந்தேன், சால்டரிங் ஈயம். பக்கத்துக் கடையில உங்க அம்மா. எதிர்ல ஆலையோட பேக்கிங் செக்‌ஷன் அம்மா, அதே பாய்லர்ல புருஷனைப் பறிகொடுத்தவங்கதான் அவங்களும். அன்னைக்கு மேடைக்குக் கீழ கட்டிப் புடிச்சு அழுதது அவங்கதான். இப்ப மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போனாங்க. உங்க அம்மா கையைப் புடிச்சு நிறுத்தினாங்க. அன்னைக்குத்தான் நான் எல்லாத்தையும் சொன்னேனே, நீயும் கேட்டு அழுதியே, இப்ப என் வீட்டுக்காரர் மேல பழியைப் போடறியேன்னாங்க. அந்த அம்மா கையை உதறிட்டு, நீ என்னடி சொன்ன, வாய்விட்டு அழுத, ஒரு வார்த்தை புரிஞ்சுதா எவளுக்காவதுன்னு கேட்டுட்டுப் போயிடுச்சு.

உங்க அம்மா அப்படியே நின்னாங்க. நான் ரெண்டடி தள்ளி நிக்கிறேன். கையில ஈயச் சுருள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும். ரெண்டு பொம்பளைங்களும் சொல்றது நிஜம்தாம்மா, ரெண்டு பேரும் பொய் சொல்லலன்னு சொல்லியிருக்கலாம். கடைக்காரர் வேற என்ன வேணும்னு கேட்டார். ஒண்ணும் வேணாம்னுட்டு வந்துட்டேன்.

அது பெரிசில்லம்மா. அதைவிடப் பெரிசு ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லத்தான் இப்படிச் சுத்தி வளைக்கிறேன்.

அதுக்கு அடுத்த வாரம் உங்க அம்மா என் கடைக்கே வந்தாங்க. உங்களுக்குத் தெரியாதுல்ல? யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டாங்க. மத்தியானம், நல்ல வெயில். உள்ள வாங்கன்னேன், வரல. வாசல்ல நின்னே கேட்டாங்க. அன்னைக்கு உங்க மிஷின்ல ஏதாவது கோளாறா, நான் பேசினது வெளிய கேட்டுதா இல்லையான்னு. சண்டைக்கு வரலம்மா. பதமாத்தான் கேட்டாங்க. கோளாறுதான்னு நான் சொல்லியிருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க. அது இப்ப புரியுது. அப்படின்னா ஊர்ல யாரும் பொய் சொல்லல, யாரும் கெட்டவங்க இல்ல, கேக்கல அவ்வளவுதான், திரும்பச் சொல்லிக்கலாம். அந்த ஒரு பதிலுக்காக வந்து நின்னாங்க.

எனக்கு என்ன தோணுச்சு? கோளாறுன்னு சொன்னா என்ன கோளாறு, எப்படின்னு அடுத்தாப்புல கேப்பாங்க, நோண்டுவாங்கன்னு தோணுச்சு. மாட்டிக்குவேன்னு தோணுச்சு. சட்டுனு சொல்லிட்டேன். என் மிஷின்ல கோளாறே கிடையாதும்மா, கடைசி வரிசை வரைக்கும் கணீர்னு கேட்டுச்சுன்னேன்.

அவங்க தலையை ஆட்டினாங்க. சரிங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க.

நேத்து போன்ல நீங்க சொன்னீங்கல்ல, அம்மா இந்த ஊர்ல யார் வீட்டுக்கும் போக மாட்டாங்க, கல்யாணம் காட்சி எதுக்கும் போக மாட்டாங்க, பக்கத்து வீட்டுக்காரங்க பேசினாக்கூட பதில் சொல்ல மாட்டாங்க, ஏன்னே தெரியலன்னு. நான்தாம்மா. என் ஒரு வாக்கியம். நானூறு பேரும் கேட்டுட்டு, கேக்கலன்னு கூசாமப் பொய் சொல்றாங்கன்னு நம்பிட்டாங்க. உங்களைக் கூட்டிக்கிட்டு வேற ஊருக்குப் போறவரைக்கும் அப்படியேதான் இருந்தாங்க. செத்தா இந்த ஹால்லயே எனக்குக் கூட்டம் வைன்னு உங்ககிட்ட கேட்டாங்கன்னீங்களே, அது எதுக்குன்னு நினைக்கிறீங்க? பாசமா? இவங்க எல்லாரும் வந்து இந்த நாற்காலியிலயே உக்காரணும்னுதான். எனக்கு அப்படித்தான் படுது.

தண்ணி குடிங்க. அந்த பாட்டில் புதுசுதான். குடிங்க.

எனக்கு அப்புறம் தொழில் பண்றதே ஒரு மாதிரி ஆயிடுச்சு. வீட்டுல ரேடியோ கேட்டாக்கூட ட்ரெபிளை, அந்தக் கூர்மைச் சத்தத்தை, முழுசா ஏத்தி வெச்சுக்குவேன். காதுல ஊசி குத்தற மாதிரி இருக்குன்னு என் வீட்டுக்காரி சண்டை போடுவா. எனக்குக் குறைக்க முடியாது, குறைச்சா சொல் போயிடுமோன்னு பயம். யாராவது அழுதா அதைவிட மோசம். என் கொழுந்தியா இறந்து போனப்ப எல்லாரும் கூடி அழறாங்க, நான் ஒருத்தங்க பக்கத்துல குனிஞ்சு, என்னம்மா சொன்னீங்க, சரியாக் கேக்கலன்னு கேட்டுட்டேன். அவங்க என்னைப் பைத்தியக்காரனைப் பார்க்கற மாதிரி பார்த்தாங்க. அழுகைக்குள்ள சொல் இருக்குன்னே தோணுதும்மா எனக்கு. எந்த அழுகையைக் கேட்டாலும், யாரோ எங்கயோ உக்காந்து மூணு கம்பியைக் கீழ இழுத்து வெச்சிருக்கான்னு தோணுது. காலி ஹால்ல மெயினை ஏத்தி வெச்சா ஒரு இரைச்சல் வரும், சும்மா மிஷின் இரைச்சல். அதுக்கு அடியில உங்க அம்மா பேசிக்கிட்டே இருப்பாங்க. பேய் பிசாசுன்னு சொல்லல, எனக்கு அதுல நம்பிக்கை கிடையாது. என் காதுதான். தெரியும். தெரிஞ்சு என்ன, கேக்குதே.

என்ன சொன்னாங்கன்னுதானே? அதைத்தான் கேப்பீங்கன்னு தெரியும். என் வாயால சொன்னா நீங்க நம்பணும்னு ஒண்ணும் இல்ல. இந்தாங்க. கேசட். சின்ன பிளேயரும் கொண்டு வந்திருக்கேன், இந்தப் பையில இருக்கு. மிக்சர்ல பின்னாடி ரெக்கார்டு அவுட்னு ஒரு ஓட்டை இருக்கும், அதுல எப்பவும் ஒரு டேப் ரெக்கார்டரை மாட்டி வெக்கறது என் பழக்கம். அதையும் மெயினும் தொடாது, இந்தக் கம்பியும் தொடாது. மைக்ல போனது போனபடி பதியும். அன்னைக்கும் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அஞ்சு நிமிஷம் பதினேழு செகண்டு எப்படித் தெரியும்னு நினைச்சீங்க? எத்தனை தடவை போட்டுக் கேட்டிருப்பேன்னு கணக்கே இல்ல. எங்க மூச்சு வாங்கறாங்க, எங்க எச்சில் முழுங்கறாங்க, எல்லாம் தெரியும். அழிக்கத்தான் நினைச்சேன். பட்டனைக்கூட அமுக்கினேன் ஒரு தடவை. அவங்க தொண்டையைக் கனைக்கற சத்தம் வந்துச்சு. நிறுத்திட்டேன்.

அதுல அவங்க சொல்றது இதுதான். அழுத்தம் ஏறினா ஆவியை வெளிய விடற அந்த வால்வு நாலு நாளாச் சீறிக்கிட்டு இருந்துச்சு. பாய்லரை நிறுத்திட்டுத்தான் சரி பண்ணணும்னு உங்க அப்பா எழுதிக் கொடுத்திருக்கார். நிறுத்த முடியாது, ஆர்டர் கிடக்கு, கம்பி போட்டு இறுக்கிக் கட்டுன்னு ஷிஃப்ட் சூப்பர்வைசர் சொல்லியிருக்கான். உங்க அப்பா மாட்டேன்னுட்டார். அவனே ஏணி போட்டு ஏறிக் கட்டினான். உங்க அப்பா சாயங்காலம் வீட்டுக்கு வந்து சோத்துத் தட்டைத் தள்ளி வெச்சுட்டு உங்க அம்மாகிட்ட சொன்னார். நாளைக்குக் காலையில முதல் வேலையா அந்தக் கம்பியை நான் வெட்டிடறேன்னார். காலையில வெட்டத்தான் ஏறினார். அதுக்குள்ள.

ஆமாம்மா. அஜாக்கிரதை இல்ல. அதைச் சரி பண்ணப் போய்த்தான்.

அழுங்க. நான் ஒண்ணும் கேக்கல.

இதை இன்னிக்குக் கூட்டத்துல போடறதும் போடாததும் உங்க இஷ்டம். உங்க அம்மா யாருக்குச் சொன்னாங்களோ அவங்கள்ல பாதிப்பேராவது வருவாங்க. அந்த பேக்கிங் செக்‌ஷன் அம்மா வராங்க, நானே போய்க் கூப்பிட்டேன். வர மாட்டேன்னுதான் சொன்னாங்க. உங்க அம்மா அன்னைக்கு மேடையில என்ன சொன்னாங்கன்னு தெரிஞ்சுக்க வேணாமான்னு கேட்டேன். எத்தனை மணிக்குன்னு கேட்டாங்க. போடறதுன்னா கடைசி சேனல்ல மாட்டிக்கோங்க. ஏழு கம்பியும் நடுவுல. மெயினை நீங்க வெச்சுக்கோங்க. என் கையை நான் நம்பல, அதான் உக்காரல. இப்பப் புரிஞ்சுதா?

யாரு, மேனேஜரா? அவர் இருந்தா என்ன, செத்தா என்ன. இப்ப அவர் எந்த ஊர்லன்னுகூடத் தெரியாது. அவர் மேல ஒண்ணும் கேஸ் போட முடியாதும்மா. இல்ல, அவர் ஊர்ல இல்லங்கறதுக்காகச் சொல்லல.

அவர் அன்னைக்கு ஹால்லயே இல்ல. அதிகாரி பேசி முடிச்சதுமே அவரை வழியனுப்பக் கூடவே வெளிய போயிட்டார். முன்வரிசையில அவர் நாற்காலி காலி. பத்தொம்பது வருஷமா எனக்கு நானே சொல்லிச் சொல்லி, அந்தக் கை இப்படிக் கீழ அமுக்கறது கண்ணு முன்னாடி நிஜமாவே தெரியுது. மோதிரம்கூடத் தெரியுது. ஆனா அப்படி ஒண்ணு நடக்கல. யாரும் கை காட்டலம்மா. உங்க அம்மா, கம்பி கட்டினது யாருன்னு சொல்றேன்னதும், அடுத்தாப்புல சூப்பர்வைசர் பேரை எடுக்கப் போறாங்கன்னு எனக்குப் புரிஞ்சுது. எனக்கு மட்டும்தான் அது யாருன்னு முன்னாடியே தெரியும். கை தானாப் போயிடுச்சு.

நேத்து ராத்திரி அவன் வீட்டுக்குப் போய் இந்த கேசட்டைப் போட்டுக் காட்டினேன். முழுசாக் கேட்டான். அழுவான்னு நினைச்சேன், இல்ல கையை ஓங்குவான்னு நினைச்சேன். இதை வேற யாரெல்லாம் கேட்டிருக்காங்கன்னு மட்டும் கேட்டான். இனிமேத்தான் கேப்பாங்கன்னேன். அப்புறம், நானும் வரேன்னான். எதுக்குன்னு நான் கேக்கல.

அதோ, வாசல்கிட்ட ஆட்டோவுலேர்ந்து இறங்கறான் பாருங்க, வெள்ளைச் சட்டை. நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டான். அவன்தான் சூப்பர்வைசர். என் தம்பி, கூடப் பொறந்தவன். அவனுக்குக் காலு ரெண்டும் வீங்கியிருக்கு, ரொம்ப நேரம் நிக்க முடியாது. நீங்க இங்கயே இருங்கம்மா, நான் போய் முன்வரிசையில அவனுக்கு ஒரு நாற்காலி போட்டுட்டு வந்துடறேன்.